கண்டுமுதலும் பத்தாயமும்

காவிரியின் தென்கரையில் உள்ள திருவிடைமருதூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரு வீட்டில் எவ்வளவு நெல் சேர்த்துவைக்கப்பட்டது என்பது விளைச்சலை மட்டும் பொறுத்ததல்ல. களத்தில் அளந்த கண்டுமுதலில் யாருக்கு எத்தனை பங்கு, அந்தப் பங்கை எத்தனை மாதம் விற்காமல் வைத்திருக்க அவருக்கு வசதி இருந்தது என்ற இரண்டும்தான் குதிரின் உயரத்தையும் பத்தாயத்தின் அகலத்தையும் முடிவு செய்தன. இருபதாம் நூற்றாண்டில் விளைச்சல் பெருகிய அதே காலத்தில் வீட்டுச் சேமிப்பு சுருங்கியதற்கும் இதில்தான் விடை இருக்கிறது.

நெல் வைக்கும் கலங்கள் வீட்டுக்கு வீடு வேறுபட்டன. கூலியாக நெல் வாங்கிய பண்ணையாள் குடும்பங்களுக்குப் பானைகளே போதுமானவையாக இருந்தன. வாங்கிய நெல் சில நாளைக்குமேல் தங்கியதில்லை. சிறு குடியானவர் வீட்டில் குதிர் இருந்தது. களிமண்ணோடு வைக்கோலோ உமியோ சேர்த்துப் பிசைந்து உறைகளாகச் செய்து காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளை மண்ணாலும் சாணத்தாலும் பூசிவிடுவார்கள். அடியில் நெல் எடுக்க ஒரு துவாரம், மேலே ஒரு மூடி. கூடுதல் நெல் வந்த வருஷம் மேலே இன்னோர் உறையை ஏற்றினால் போதும். கொள்ளளவை வேண்டியபோது கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு குதிரின் அமைப்பிலேயே இருந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. உயரம் கூடக்கூட அடி உறையின்மேல் பளு ஏறும், மண் வெடிக்கும்.

நிலம் அதிகமுள்ள வீடுகளில் பத்தாயம். தரையின் ஈரமும் எலியும் அண்டாதபடி கால்களின்மேல் தூக்கி நிறுத்திய பெரிய மரப்பெட்டி அது. பலகைகளைக் காடியில் செருகி ஏற்றும் பத்தாயங்களில் நெல்லின் அளவுக்கேற்பச் சுவரை உயர்த்தவும் முடிந்தது. அதற்கும் மிஞ்சியதை வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றிச் சேர் கட்டினார்கள். அல்லது வெளியில் குவித்து வைக்கோல் வேய்ந்து பட்டறை போட்டார்கள். விதைநெல் மட்டும் இவற்றில் எதிலும் கலப்பதில்லை. அது வைக்கோலால் பொதிந்து, சாணம் பூசிய கோட்டையாகத் தனியே இருந்தது. பஞ்சத்திலும் கோட்டையில் கை வைப்பது கடைசி வழி.

ஒரு வீட்டுக்கு எத்தனை பெரிய பத்தாயம் வேண்டும் என்பது கணக்குக்கு உட்பட்ட கேள்வி. நாளொன்றுக்கு ஆளுக்குச் சராசரி 450 கிராம் அரிசி என்றால், எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 கிலோ வேண்டும். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கே அரிசியாகத் தேறும் என்பதால், ஏறக்குறைய 2 டன் நெல் இருக்கவேண்டும். அதற்கு மூன்றரை கன மீட்டர், அதாவது ஆறடி நீளம், ஐந்தடி அகலம், நான்கடி உயரமுள்ள ஒரு பெட்டியின் இடம் போதும். ஆனால் புது நெல்லரிசி குழையும் என்று பழைய நெல்லையே விரும்பியவை டெல்டா வீடுகள். போன சம்பா உணவுக்கு இருக்கும்போதே இந்தச் சம்பா களத்திலிருந்து வந்துவிடும். பழைய நெல்லிலிருந்து அந்துப்பூச்சி புதியதற்குத் தாவும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றைக் கொட்டவும் முடியாது. ஆகவே ஓராண்டுத் தேவைக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இடம் வேண்டியிருந்தது. குறுவை நெல் பெரும்பாலும் விற்பனைக்கும் கூலிக்கும் போனது. தேக்கிவைத்ததெல்லாம் சம்பாவும் தாளடியும்தான்.

இந்த வட்டாரத்தின் மிகப் பழைய பெருஞ்சேமிப்பு வீடுகளில் இருந்ததல்ல, கோயில்களில் இருந்தது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள், திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதூர் நகரத்தாரும் கோயில் நாடகசாலையில் கூடிக் கோயில் காரியம் கவனித்ததைப் பதிவு செய்கின்றன. கோயிலின் அன்றாடச் செலவு நெல்லில் நடந்தது. அர்ச்சகர், இசைப்போர், விளக்கெரிப்போர், மாலை கட்டுவோர் என ஒவ்வொருவருக்கும் நாழிக் கணக்கில் நெல். 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 நாழி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்கள் அளக்கவேண்டிய நெல்லுக்கு ஆடவல்லான் என்ற மரக்காலே அளவு என்று ராஜராஜன் கல்வெட்டுகள் வரையறுத்தன. மரக்கால் ஊருக்கு ஊர் மாறினால் களஞ்சியக் கணக்கு நிற்காது.

கோயில் களஞ்சியம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதைத் திருவிடைமருதூருக்கு மேற்கே, பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் இன்றும் காணலாம். பாலைவனநாதர் கோயிலில் 3,000 கலம் கொள்ளும் செங்கல் களஞ்சியம் ஒன்று வட்ட வடிவில், கூம்பிய தலையோடு நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நாயக்கர் காலத்தில் எழுந்த கட்டடம் இது. தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க் குதிரே பெருத்து நிற்பதுபோலிருக்கும். திருவரங்கம் கோயிலிலும் இதே வகைக் களஞ்சியங்கள் உள்ளன. கோயிலுக்கு இவ்வளவு பெரிய கொள்ளளவு தேவைப்பட்டதன் காரணம் தெளிவு: வரவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, செலவு ஒவ்வொரு நாளும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த இடத்தை மிராசுதார் வீடுகள் பகிர்ந்துகொண்டன. குத்தகைக்குச் சாகுபடி செய்தவருக்குக் குடிவாரமாகக் கிடைத்தது பெரும்பாலும் கண்டுமுதலில் கால் பங்கைச் சுற்றியே இருந்தது. மற்றது மேல்வாரமாக மிராசுதாரின் களஞ்சியத்துக்குப் போனது. மடங்களும் பெரும் நிலவுடைமையாளர்களாக இருந்தன. திருவிடைமருதூர்க் கோயிலையே நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனம் அவற்றுள் ஒன்று. 1870களின் இறுதியில் தஞ்சாவூர், கும்பகோணம், மாயூரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியதும் நெல்லை எப்போது விற்பது என்பது ஒரு வியாபாரத் தீர்மானமாயிற்று. அறுவடையில் விலை விழும், ஆடி ஆவணியில் ஏறும். பத்தாயம் வைத்திருந்தவர் காத்திருந்தார். பானை மட்டும் இருந்தவர் களத்திலேயே கொடுத்துவிட்டு, பின்னால் கடனாக வாங்கினார். அதே நெல்லைத்தான் பல நேரங்களில் கூடுதல் விலைக்கு வாங்கினார் என்பது இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி.

1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை மாகாண அரசு நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்யவும் பங்கீட்டு முறையில் கொடுக்கவும் முற்பட்டது. வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று அதிகாரிகள் கணக்குக் கேட்டார்கள். பத்தாயத்தின் கொள்ளளவு அரசாங்கத்தின் அக்கறைக்கு உள்ளானது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார்.

ஆனால் அதே ஆண்டில்தான் பெரிய பத்தாயத்தின் அடிப்படை ஆட்டம் கண்டது. தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரின் பங்கைக் கண்டுமுதலில் ஐந்தில் இரண்டு என உயர்த்தியது. 1956இன் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நில உடைமையாளருக்கு 40 சதவீதம் மட்டும் என்றது. 1980இல் அது 25 ஆயிற்று. 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்த வரம்பை 1970இன் திருத்தம் 15 ஆகக் குறைத்தது. சட்டங்களைத் தாண்டிச் செல்லப் பினாமி உட்படப் பல வழிகள் இருந்தன; காகிதத்தில் இருந்ததெல்லாம் களத்தில் நடக்கவில்லை. இருந்தும், மேல்வாரமாக வந்த நெல் குறையக் குறையப் பெரிய வீடுகளின் களஞ்சிய அறைகள் காலியாயின. பங்கு கூடிய குத்தகைதாரரும் பெரிய பத்தாயம் கட்டிக்கொள்ளவில்லை. கையில் பணம் வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருந்தது. நெல் விற்பனைக்கே போனது.

அப்போதுதான் விளைச்சல் ஏறியது. 1960-61இல் இந்தியாவில் தீவிர வேளாண் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. திருவிடைமருதூர் வட்டத்திலேயே உள்ள ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. ஜப்பானிய நெல்லான நோரின் 10ஐயும் ஜிஇபி 24ஐயும் கலந்து அங்கே உருவாக்கிய ஏடிடி 27, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்தது. 1960களின் நடுவில் அது குறுவை வயல்களை நிறைத்தது. அந்த நெல் களத்துக்கு வரும் புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்கு மழையும் சேர்ந்து வரும். ஈர நெல்லைக் குதிரிலோ பத்தாயத்திலோ போட்டால் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், முளைக்கும். நெல் பாதுகாப்பாகத் தங்க அதன் ஈரம் சுமார் 14 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சம்பாவுக்குத் தை, மாசி வெயில் அதைச் செய்துகொடுத்தது, குறுவைக்கு அந்த வெயில் இல்லை. பழைய கலங்கள் சம்பாவுக்காக அமைந்தவை என்பது அப்போதுதான் விளங்கியது. ஈர நெல்லைப் பதப்படுத்துவதற்கென்றே 1967இல் திருவாரூரில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பின்னர் தஞ்சாவூருக்கு மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருப்பது அதுதான்.

வீட்டில் குறைந்த இடத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ரேஷன் கடை பரவியதும் ஓராண்டு நெல்லை வீட்டில் வைத்திருக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. 2011 முதல் அந்த அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. மாதம் 20 கிலோ அரிசிக்கு 25 லிட்டர் கொள்ளும் டிரம் போதும். எட்டுப் பேர் வீட்டுப் பத்தாயத்துக்குத் தேவைப்பட்டதோ 3,400 லிட்டருக்குமேல்.

இன்று கண்டுமுதல் களத்திலிருந்து நேராக நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே நெல்லைத் தூற்றி, ஈரம் அளந்து, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து அட்டியாக அடுக்குகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. மழை ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு தளர்வு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மூட்டைகள் லாரியில் கிடங்குக்கோ திறந்தவெளி அட்டிக்கோ, அங்கிருந்து சரக்கு ரயிலில் வெளி மாவட்ட அரைவை ஆலைகளுக்கோ போகவேண்டும். லாரி தாமதித்தால் நிலையத்தின் இடம் நிரம்பிவிடும். அடுத்து வரும் நெல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். முன்பு வீட்டுக்கு வீடு பரவியிருந்த கொள்ளளவு இப்போது சில அட்டிகளில் குவிந்திருப்பதால், ஐப்பசியில் ஒரே மழையில் நனையக்கூடிய நெல்லும் அதிகம்.