மூக்கை ஏமாற்றும் காற்று

அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே 1777-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். சாக்கடைகளிலும் கழிவுத் தொட்டிகளிலும் இவ்வாயு உண்டாகின்றது. காற்றைவிடக் கனமாதலால் அடியிலே தங்குகின்றது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு கலந்தாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் அபாயம் நீங்கியதென எண்ணுதல் பெரும் பிழை.

2015 நவம்பரில் கோழிக்கோட்டுப் பாதாளச் சாக்கடையில் ஆந்திரத் தொழிலாளர் இருவர் நச்சுக்காற்றில் மயங்கினர். அவர்களைக் காக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தும் அவர்களுடன் மாண்டார். 2025 செப்டம்பர் இறுதியில், இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையில் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்யச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர்.

பாதுகாப்புக் கருவிகளின்றி இவ்வேலையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இத்தகைய சாவுக்குரிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்திற்று.

பிழைப்பை நாடி அயல் மாநிலம் சென்றுள்ள அன்பர்கள், வாயுவைக் கருவியால் அளந்து காட்டும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டா. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், சுவாசக் கருவியின்றி மற்றொருவர் இறங்கலாகாது. தீயணைப்புப் படையினரை உடனே அழைத்தலே அவருக்குச் செய்யும் உதவியாகும்.