ஜக்கார்டு அட்டைகளை எடைக்குப் போடாதீர்கள்

நம் காஞ்சிபுரத்துத் தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி பிரான்சில் பிறந்தது. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் அதை உருவாக்கினார். அது வருமுன் இங்கே 'அடை' முறைதான். நூலில் கட்டிவைத்த டிசைன்படி துணையாள் ஒருவர் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுப்பார். பெட்டி வந்தபின் அந்த வேலையை ஓட்டை போட்ட அட்டைகள் செய்தன. இதே யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லையேல் இழை அப்படியே கிடக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஊசி திரும்பாது, புட்டாவில் பிழை விழும்.

பழைய பெட்டிக்குப் பாகம் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. கம்பியை வளைத்தால் கொக்கி, மரத்தை இழைத்தால் சட்டம். கிழிந்த அட்டையைப் புது அட்டைமேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை குத்தினால் டிசைன் பிழைத்துவிடும்.

இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அட்டை குத்தும் செலவும் நாளும் மிச்சம், நல்லதுதான். ஆனால் அதன் சர்க்யூட் போர்டை உள்ளூர்ப் பட்டறையில் அடித்துச் செய்ய முடியாது.

பரணில் பழைய அட்டைக்கட்டு இருந்தால், வரிசை கலையாமல் எண் போட்டு வையுங்கள். எடைக்குப் போட்டால் போவது வெறும் அட்டையல்ல, ஒரு புடவையின் டிசைன்.