வழங்கிக் கொத்தில் கணுக்களின் சேர்க்கையும் நீக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல கணினிகள் இணைந்து ஒரே வழங்கியைப் போலப் பணியாற்றும் அமைப்பு வழங்கிக் கொத்து எனப்படும். அதன் உறுப்பாகிய ஒவ்வொரு கணினியும் ஒரு கணு ஆகும். பயனர் பெருகும்போது கணுவைச் சேர்ப்பதும், பழுதுற்றதை நீக்குவதும் தவிர்க்க இயலாதவை. அம்மாற்றத்தின்போது தரவு சிதையாமலும் பணி தடைப்படாமலும் காப்பதற்குக் கணினியியல் கண்ட வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரும்பான்மை விதி

1983இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டர் என்னும் கொத்தை அறிமுகப்படுத்தியது. அதில் கணுக்களுக்கு வாக்குகள் அளிக்கப்பட்டன. இணைப்பு அறுந்து கொத்து இரு கூறானால், பெரும்பான்மை வாக்குகளைப் பெற்ற கூறு மட்டுமே தொடர்ந்து இயங்கும். மற்றது பணியை நிறுத்திக்கொள்ளும். பிரிந்த இரு கூறுகளும் ஒரே வட்டில் தனித்தனியே எழுதித் தரவைச் சிதைப்பதை இவ்விதி தடுத்தது.

ஹேஷ் வளையம்

கொத்தின் உறுப்புகள் எவை என்பது தெளிந்த பின்னும், எத்தரவு எக்கணுவில் அமைய வேண்டும் என்னும் சிக்கல் எஞ்சுகிறது. தரவின் ஹேஷ் எண்ணைக் கணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைக் கொண்டு இடத்தை முடிவுசெய்வது எளிய முறை. எனினும், 4 கணுக்களுடன் ஐந்தாவது சேர்ந்தால் வகுக்கும் எண் மாறுவதால், ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தரவு இடம்பெயர நேரும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்கர், டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் உள்ளிட்ட அறுவர் 1997இல் இதற்கு மாற்று ஒன்றை முன்வைத்தனர். 'கன்சிஸ்டன்ட் ஹேஷிங்' எனப்படும் அம்முறையைக் கணுக்களும் தரவும் ஒரே வளையத்தில் இடம்பெறுவதாக விளக்குவர். ஒவ்வொரு தரவும் தனக்கு அடுத்து வரும் கணுவைச் சேரும். ஆகவே ஐந்தாவது கணு வரும்போது சராசரியாக 20 விழுக்காடு மட்டுமே இடம்பெயரும். ஒரு கணு நீங்கினால் அதன் பங்கு மட்டுமே பிற கணுக்களுக்குச் செல்லும்.

இவ்வாய்வின் வழி 1998இல் அகமாய் நிறுவனம் தோன்றியது. 2001 செப்டம்பர் 11 அன்று, உலக வணிக மையத்தின் மீது மோதிய விமானத்தில் பயணம் செய்த லெவின் உயிரிழந்தார். அன்று செய்தித் தளங்களை மக்கள் பெருந்திரளாக நாடியபோது, அவர் உருவாக்கத் துணைநின்ற வலையமைப்பே அவற்றுள் பலவற்றைத் தாங்கியது.

மௌனமும் விலகலும்

2007இல் அமேசான் பொறியாளர்கள் வெளியிட்ட டைனமோ கட்டுரை இவ்வளையத்தை மேலும் செம்மைப்படுத்தியது. ஒரு கணு மறுமொழி தராததை அதன் நிரந்தர விலகலாக டைனமோ கொள்வதில்லை. அதற்குரிய புதிய தரவை வேறொரு கணு குறிப்புடன் தற்காலிகமாக வைத்திருந்து, அது மீண்டதும் ஒப்படைக்கும். நிலையான சேர்க்கையையும் நீக்கத்தையும் நிர்வாகியே வெளிப்படையாக அறிவிப்பார். சிறு தடைகளுக்கெல்லாம் தரவைப் பெருமளவில் இடம்பெயர்க்கும் வீண்செலவு இதனால் தவிர்க்கப்பட்டது.

முடிவுரை

பெரும்பான்மை விதி தரவின் ஒருமையைக் காத்தது; வளையம் இடப்பெயர்வைக் குறைத்தது; டைனமோ தற்காலிக மௌனத்தையும் நிலையான விலகலையும் வேறுபடுத்தியது. கணுக்கள் பழுதுறுவதை விதிவிலக்காக அன்றி இயல்பாகவே கருதி அமைப்பை வடிவமைக்கும் நோக்கு இவ்வரலாற்றில் படிப்படியாக வலுப்பெற்றமை புலனாகிறது.