பரங்கிமலையில் தொடங்கிய அளவு

பரங்கிமலை என்றால் நமக்கு தோமையார் கோயில், ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், இப்போது மெட்ரோ ரயில். இந்தியாவை அளக்கும் பெரிய வேலை அந்த மலையடிவாரத்தில்தான் தொடங்கியது என்பது அடையாறு, மயிலாப்பூர் நண்பர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வனத்துறையில் செயினும் காம்பஸுமாகக் காடு சுற்றியவன் நான். அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வேலையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி. 1799ல் திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் அவரும் இருந்தார். ஓர் இரவு ஜெனரல் பேர்டின் படை வடக்கே போவதாக நினைத்துத் தெற்கே, எதிரி இருந்த பக்கமாகவே நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு எச்சரித்தார். நட்சத்திரம் பார்க்காமலே எனக்கு வழி தெரியும் என்று ஜெனரல் தட்டிவிட்டாராம். பிறகு வெளிச்சம் காட்டி காம்பஸைப் பார்த்தபோது லாம்ப்டன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. காட்டு வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவேன். "எனக்குத் தெரியும்" என்பவன்தான் முதலில் வழி தப்புவான்.

1802 ஏப்ரல் 10 அன்று, சுட்டெரிக்கும் வெயிலில், லாம்ப்டன் தன் ஆதாரக் கோட்டை அளக்க ஆரம்பித்தார். பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை அப்படியே தரையில் இழுத்துவிடவில்லை. மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து வைத்து, வெப்பமானிகளையும் பக்கத்தில் வைத்தார். ஏன் தெரியுமா? பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் 100 அடி எஃகு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளும். ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 தடவை வைக்க வேண்டும். கணக்கில் சேர்க்காவிட்டால் ஒன்றரை மீட்டர் தவறிவிடும்.

இந்த ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால் அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து, கோணங்களை எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. இப்படி முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போயிற்று. கோணம் பார்க்க அரை டன் எடையில் ஒரு தியோடலைட். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது அடிபட்டது. லாம்ப்டன் சில வாரங்கள் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

இதற்கு முன்பே, 1794ல், மைக்கேல் டாப்பிங் சென்னையில் எட்டுப் பையன்களோடு ஒரு நிலஅளவைப் பள்ளி தொடங்கியிருந்தார். அதுதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி.

எங்கள் காட்டு சர்வேக்கு அரை டன் கருவி கிடையாது. 66 அடிச் செயின், அதில் 100 லிங்க். பத்து சதுரச் செயின் ஒரு ஏக்கர். சரிவில் செயினை நிலத்தோடு சாய்த்துப் பிடிக்கக் கூடாது. படி இறங்குவதுபோலத் துண்டு துண்டாக, மட்டமாகப் பிடிக்க வேண்டும். காம்பஸில் முன்னால் உள்ள கம்பைப் பார்த்து 60 டிகிரி என்று எழுதினால், கம்புக்குப் போய்த் திரும்பிப் பார்க்கும்போது 240 வர வேண்டும். வராவிட்டால் இடுப்பில் அரிவாளோ, பக்கத்தில் கம்பிவேலியோ முள்ளை இழுக்கிறது என்று அர்த்தம். ஒரு டிகிரி தவறினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் தள்ளிப் போவோம். கடைசியில் எல்லையைச் சுற்றி வந்து, தொடங்கிய கல்லிலேயே முடிக்க வேண்டும். வரைந்து பார்க்கும்போது கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு பிழை. பொறுக்கக்கூடிய அளவைத் தாண்டினால் மறுபடி காட்டுக்குள் போக வேண்டியதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், நம் பக்கத்திலேயே இரண்டு இடங்கள் பதில் சொல்லும்.

ஒன்று கிண்டி. 1910ல் எல்லை குறித்துக் காப்புக்காடாக அறிவித்தார்கள். பிறகு ஐ.ஐ.டி.க்கும் நினைவிடங்களுக்கும் பெரும்பகுதி போனது உண்மை. ஆனால் எது போனது, எது மிச்சம் என்று சொல்ல முடியும். மிச்சம் இருந்த சுமார் 270 ஹெக்டேர் 1978ல் தேசியப் பூங்கா ஆனது. நகரத்தின் நடுவில் இன்னும் வெளிமான் நிற்கிறது.

மற்றொன்று பள்ளிக்கரணை. லாம்ப்டனின் கோட்டை இன்றைய வரைபடத்தில் போட்டால் அந்தச் சதுப்பின் பக்கமாகத்தான் போகும். இந்தியாவிலேயே அத்தனை நுணுக்கமாக அளந்த கோட்டுக்கு அருகில் இருந்தும், அந்த நிலத்துக்கு எல்லை வரவில்லை. கழுவெளி மழையில் விரியும், கோடையில் சுருங்கும். பார்ப்பவர்களுக்கு அது வெறும் புறம்போக்கு. குப்பைமேடு வந்தது, சாலை வந்தது, கட்டடங்கள் வந்தன. 2007ல்தான் 317 ஹெக்டேர் காப்புக்காடாகியது. 2022ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. 2015 டிசம்பரில் தண்ணீர் பழைய எல்லையைத் தேடிக்கொண்டு வேளச்சேரி வீடுகளுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இன்று கைபேசியிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது, செயின் தேவையில்லை. ஆனால் நிலத்தில் ஒரு கல் நட்டு, அதைப் பதிவேட்டில் ஏற்றி, வருஷா வருஷம் யாராவது நடந்து போய்ப் பார்க்கும் வேலையை எந்தக் கருவியும் செய்யாது. பள்ளிக்கரணையில் மிச்சம் இருப்பதற்காவது அந்தக் கற்கள் நிற்க வேண்டும்.