பேரேட்டில் எழுதப்படாத பெயர்கள்

வேலூரின் லாங் பஜார் மொத்த வியாபாரத்தின் தெரு. சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்குச் சரக்கு இங்கிருந்து போகிறது. அந்த ஊர்களின் பணம் இங்கே வந்து சேர்கிறது. யாரிடமிருந்து எவ்வளவு வரவு, யாருக்கு எவ்வளவு பற்று என்று பெயரும் தொகையும் சேர்ந்து நின்றால்தான் இத்தகைய தெருவில் அதற்குப் பேரேடு என்று பெயர். தொகையை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்ட ஏட்டை எந்த முதலாளியும் கணக்கென்று ஒப்பமாட்டார். அரசியல் கட்சிகள் விஷயத்தில் மட்டும் நாம் அதை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் பறக்கும் படைகள் சாலைகளில் நிற்கத் தொடங்கும். ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவர் தக்க ஆவணம் காட்ட வேண்டும். இல்லையெனில் பணம் பறிமுதலாகும். வசூலுக்குப் போன வியாபாரியும், சந்தையில் மாட்டை விற்றுத் திரும்பிய விவசாயியும் இதில் அகப்பட்டு, பின்னர் ரசீதுகளோடு மாவட்டக் குழுவின் முன் நின்று பணத்தை மீட்கிறார்கள். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவின்படி, ஓராண்டில் ஒருவர் தந்தது ரூ.20,000-ஐத் தாண்டினால்தான் கட்சி அவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். சாலையில் நிறுத்தப்படுபவருக்கு ஒரு நியாயம், கட்சி அலுவலகத்துக்கு வேறொரு நியாயம்.

இந்த முரண் வேலூரில் வெளிப்பட்டதுபோல் வேறெங்கும் வெளிப்படவில்லை எனலாம். 2019 மக்களவைத் தேர்தலில் இத்தொகுதியின் தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த். அவருடைய தந்தை துரைமுருகன் அப்போது கட்சியின் பொருளாளர். வருமான வரித் துறையினர் அவர்களுடைய காட்பாடி இல்லத்திலும், பின்னர் கட்சிக்காரர் ஒருவருடன் தொடர்புடையதாகக் கூறப்பட்ட சிமெண்டுக் கிடங்கிலும் சோதனையிட்டனர். கிடங்கில் கைப்பற்றப்பட்ட ரொக்கம் ஏறத்தாழ ரூ.11.48 கோடி. இது அரசியல் பழிவாங்கல் என்றது தி.மு.க. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். பணப் புழக்கத்தைக் காரணமாக்கி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் முறை.

அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் ஏப்ரல் 18 அன்று சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் நடந்தேறியது. ஆகஸ்ட் 5 அன்று மக்களவைத் தேர்தல் நடந்தபோது கதிர் ஆனந்த் 8,141 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அன்று ஒரு வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பு ரூ.70 லட்சம், கிடங்கில் பிடிபட்டதோ அதைப் போலப் பதினாறு மடங்கு. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கட்சிக்குப் பணம் எப்போதும் இப்படி இருளில் வந்ததா? 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் திரட்டப்பட்டபோது காந்தி வரவு செலவைப் பொதுவில் வைக்க வேண்டுமென்று வலியுறுத்தினார். தொடக்கக் கால தி.மு.க. நாடகம் போட்டும், மாநாட்டுக்கு நுழைவுச்சீட்டு விற்றும், துண்டேந்தியும் வளர்ந்தது. 1967 தேர்தலுக்கு அண்ணா பத்து லட்சம் கேட்க, பொருளாளர் கருணாநிதி பதினொரு லட்சம் திரட்டித் தந்தார் என்பதும், வேட்பாளர் பட்டியலில் சைதாப்பேட்டைக்கு நேராக அண்ணா அந்தத் தொகையையே அவர் பெயராக வாசித்தார் என்பதும் கழகத்தார் பெருமையோடு சொல்லும் கதை. தந்தவர் அன்று கூட்டத்தில் முகம் தெரிய நின்றார்.

ஐந்தே ஆண்டுகளில், 1972 அக்டோபரில், அதே பொருளாளர் பொறுப்பில் இருந்த எம்.ஜி.ஆர். மேடையேறிக் கணக்குக் கேட்டார். அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சிப் பொறுப்பாளர்களும் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். சில நாட்களிலேயே அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. பிறந்தது. ஒரு கணக்குக் கேள்வியிலிருந்து ஆட்சியைப் பிடித்த கட்சியே முளைத்த நிலம் இது. ஆயினும் கேட்கப்பட்டது தனிமனிதர்களின் சொத்துக் கணக்கு. கட்சிக்கு யார் கொடுத்தார் என்ற கேள்வியைப் புதிய கட்சியும் பின்னர் எழுப்பவில்லை.

தில்லியின் கதை வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1957-இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தரத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தடுக்கச் சட்டமில்லை என்பதால் இசைந்தார். ஆனால் இது மக்களாட்சிக்கு ஆபத்து என்று எச்சரித்தார். 1969-இல் நிறுவன நன்கொடை முற்றாகத் தடை செய்யப்பட்டது. பணம் நிற்கவில்லை, கறுப்பாக மாறியது. 1974-இல் கட்சியின் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கியது. 1985-இல் தடை நீங்கியது. 2017-இல் நிறுவனங்களுக்கான வரம்பும் நீக்கப்பட்டுத் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது.

2018 முதல் 2024 ஜனவரி வரை விற்கப்பட்ட பத்திரங்கள் ரூ.16,518 கோடி. கொடுத்தவர் யாரென்று வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இதை வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானது என்று நீக்கியது. பின்னர் வெளிவந்த விவரங்களில், தி.மு.க. பெற்ற ரூ.656.5 கோடியில் ரூ.509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்ததைக் கண்டோம். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரி தடை செய்யப்பட்டது. கொடுத்தவர் பெயர்களைக் கேட்டறிந்து ஆணையத்துக்குத் தெரிவித்த மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலான கட்சிகள் அதையும் செய்யவில்லை.

பெயர் தெரிவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்போருக்குப் பாலாற்றைக் காட்டலாம். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த ஆலையையும் ஐயுறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஆலைக்கு இசைவு தருவதும் மறுப்பதும் அரசு அமைக்கும் வாரியம். அரசை அமைப்பது கட்சி. கட்சியை நடத்துவது நன்கொடை. இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி இருளில் இருக்கும்வரை, உப்பேறிய கிணற்றின் உரிமையாளர் தனக்குக் கிடைத்த பதில் நேர்மையானதா என்று எவ்வாறு அறிவார்?

பத்திரங்கள் போயின, நிறுவன நன்கொடைக்கான வரம்பு தீர்ப்பால் மீண்டது. ரூ.20,000 என்ற மறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, கட்சிச் செலவுக்கு வரம்பில்லாத நிலையும் இருக்கிறது. 1972-இல் ஒரு பொருளாளர் மேடையில் கேட்ட கேள்வியை, இனி வாக்காளர் பொருளாளர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த தேர்தலில் பறக்கும் படை ஒரு வியாபாரியின் பையைத் திறக்கும்போது, அவர் நீட்டும் ரசீதில் பெயர் இருக்கும், தொகை இருக்கும், தேதி இருக்கும். கட்சிகளிடம் நாம் கேட்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை.