மற்றவர் இடத்தில் நின்றவர்



பலி என்றவுடன் ஆடும் கோழியும் நம் நினைவுக்கு வரும். பண்டைய யூதரிடமும் அத்தகைய வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, பாவப் பரிகார நாளில், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டு வருவார்கள். ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலைமேல் தலைமைக் குரு கைகளை வைத்து, மக்கள் செய்த குற்றங்களையெல்லாம் சொல்லி, அதைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுவார். கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் கோவிலை அழித்தார்கள். அத்துடன் அங்கே பலியிடுவதும் நின்றது.

கிறிஸ்தவ நம்பிக்கை இந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் அதில் பலியாவது ஆடு அன்று. மனிதரின் பாவத்துக்குப் பரிகாரமாக இயேசு சிலுவையில் தம்மையே கொடுத்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். ஒருவருக்காக மற்றொருவர் நிற்பது எப்படி? அந்த நம்பிக்கையில் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைப் பார்ப்போம்.

1941-ஆம் ஆண்டு. போலந்து நாடு ஜெர்மானிய நாஜிகளின் பிடியில் இருந்தது. ஆஷ்விட்ஸ் என்னும் சிறை முகாமில் ஜூலை மாத இறுதியில் ஒரு கைதி காணாமற்போனார். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல அதிகாரி முடிவு செய்தான். பெரட்டுக்கு வரிசையில் நிற்பதைத் தோட்டத்தார் நாம் அறிவோம். அங்கே வரிசையில் நின்றவர்களிலிருந்து சாவுக்கு ஆள் பொறுக்கினார்கள்.

பொறுக்கப்பட்டவர்களில் ஒருவர் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக். மனைவி மக்களை நினைத்து அவர் கதறினார். அப்போது வரிசையை விட்டு ஒருவர் முன்னே வந்தார். அவர் மாக்சிமிலியன் கோல்பே, 47 வயதுக் கத்தோலிக்கக் குரு. அந்த மனிதருக்குக் குடும்பம் இருக்கிறது, அவருக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதிகாரியும் ஒப்புக்கொண்டான்.

இரண்டு வாரங்கள் சோறும் தண்ணீரும் இல்லை. கோல்பே மற்றவர்களுடன் சேர்ந்து செபம் சொல்லி அவர்களைத் தேற்றி வந்தார். கடைசியில் நால்வர் உயிரோடு இருந்தனர். ஆகஸ்டு 14-ஆம் நாள் நச்சு ஊசி போட்டு அவர்களையும் கொன்றார்கள்.

கயோவ்னிச்செக் உயிர் தப்பினார். போர் முடிந்து மனைவியிடம் திரும்பினார். ஆனால் அவருடைய மகன்கள் இருவரும் போரில் இறந்துபோயிருந்தார்கள். அப்படியானால் கோல்பே உயிர் கொடுத்தது வீணா?

பலியை வியாபாரமாக எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று கோல்பே கணக்குப் பார்க்கவில்லை. அவர் யாருடைய பாவத்தையும் போக்கியதாகத் திருச்சபை சொல்லவில்லை. தம் ஆண்டவர் சென்ற வழியில் சென்றார் என்றே சொல்கிறது. கிறிஸ்தவம் சொல்லும் பரிகாரத்தின் உட்பொருளும் இதுவே. கோபங்கொண்ட கடவுளுக்குக் கொடுக்கும் கையூட்டு அன்று அது. கேளாமலே முன்வரும் அன்பு.

அந்த அன்பைப் பெற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. கயோவ்னிச்செக் தமக்காக நின்றவரைப் பற்றிப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று சொல்லி வந்தார். 1982 அக்டோபர் 10-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது அவரும் அங்கே இருந்தார். 1995-இல், 93-ஆம் வயதில் காலமானார்.

நேயர்களே, நாம் எந்தச் சமயத்தவராயினும், நமக்காகப் பட்டினி கிடந்த ஒருவராவது நம் வீட்டில் இருந்திருப்பார். இன்றிரவு பிள்ளைகளிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.