நுரைமேல் ஒரு சொட்டு

முகூர்த்த நாள் நெருங்கிவிட்டால் சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடக்க இடமிருக்காது. கல்யாண ஜவுளி எடுத்த களைப்போடு குடும்பம் குடும்பமாக டீக்கடை வாசலில் நிற்பார்கள். அங்கே மாஸ்டர் காபி போடுவதை நின்று பாருங்கள். பாலைக் கை நீளத்துக்குத் தூக்கி ஆற்றி, நுரை தளும்பக் கிளாஸில் ஊற்றி, கடைசியில் அந்த வெள்ளை நுரைமேல் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விடுகிறார். நடுவில் பழுப்பு வட்டம் ஒன்று மெல்ல விரிகிறது. பெரிய கஃபேக்களில் பால்நுரையில் இலையும் இதயமும் போடுகிறார்களே, அதற்கு இந்த வட்டம் ஒன்றுவிட்ட சகோதரம்.

வெள்ளையின்மேல் சித்திரம் நிற்க வேண்டுமானால் முதலில் வெள்ளையைப் பக்குவப்படுத்த வேண்டும். காபியின் வாசனை வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இது வண்ணாரப்பேட்டை. இன்னும் வடக்கே, திருவொற்றியூரில், 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிக்கு ஐரோப்பா ஏங்கிக் கிடந்தது. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, அதன் பிறகே பூவும் கொடியும் எழுதுவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் எழுதிய கோடு ஊறிப் பரவாது. இந்தத் தொழில்நுட்பத்தைக் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்குள்ள கைவினைஞர்களிடம் கேட்டறிந்து 1742இல் விரிவான கடிதமாக எழுதி அனுப்பினார். அதே துணியைத் தாங்களே செய்துவிட ஐரோப்பியர்கள் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. பால் பிடித்து நிறுத்திய பூ, இப்படித்தான் கடல் தாண்டியது.

காபி எதிர்த்திசையில் வந்தது. பாபா புதன் என்ற சூஃபி 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழிக் கதை. வெள்ளைக்காரர்கள் அதைத் தோட்டப்பயிராக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் காலை நீராகாரத்தை அது ஓரங்கட்டிவிட்டது.

கஃபேக்களில் சித்திரம் எழுதும் பழுப்புப் பரப்பு மட்டும் இத்தாலியில் பிறந்தது. 1901இல் மிலானில் லூயிஜி பெத்சேரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தால் காபி இறக்கியது, நுரை கட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகில்லே காஜியா நெம்புகோலை இழுத்து வெந்நீரைப் பல மடங்கு அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்தினார். கோப்பையின்மேல் பொன்பழுப்பு நுரை படர்ந்தது. இதென்ன கசடு என்று ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். காபியின் ஏடு என்று பெயர் சூட்டி அதையே அவர் பெருமையாக விற்றார் என்பார்கள்.

1988இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடை போட்ட டேவிட் ஷோமர் அந்த ஏட்டின்மேல் பாலை ஊற்றி இதயம் வரைந்தார். பிறகு இத்தாலியக் கஃபே ஒன்றின் புகைப்படத்தில் இலை வடிவத்தைப் பார்த்து, எப்படி ஊற்றினால் அது வரும் என்று விடாமல் முயன்று, 1992வாக்கில் பிடித்துவிட்டார். ஒரு படம்தான் குரு!

சூட்சுமம் பாலில் இருக்கிறது. நீராவிக் குழாயைப் பாலில் அமிழ்த்தி, 60, 65 டிகிரியோடு நிறுத்தினால், பால்புரதம் போர்த்திய குமிழிகள் கண்ணுக்கே தெரியாத அளவில் நுணுகிப் பால் முழுதும் பளபளவென்று இழையும். ஜாடி மூக்கைக் காபிக்கு அருகில் தாழ்த்தி, மணிக்கட்டை ஆட்டியபடி பின்னே வந்தால் இலை அடுக்கடுக்காக விரியும்; மெல்லிய தாரையை நடுவே முன்னோக்கி இழுத்தால் நரம்பு. நம் பால் பொங்கக் காய்ந்தது, உயரத்திலிருந்து ஆற்றியது. குமிழி பெரிது, நுரை பஞ்சு மாதிரி நிற்கும், வழுக்கி ஓடாது. அதனால் நாம் பாலால் எழுதுவதில்லை. பாலின்மேல் டிகாக்‌ஷனால் எழுதுகிறோம்.

நடுவில் இன்னொரு வேடிக்கை. நம் கல்யாண ரிசப்ஷன்களில் வந்திறங்கிய ‘எக்ஸ்பிரஸோ’ காபி நினைவிருக்கிறதா? பளபளக்கும் இயந்திரம், உஸ்ஸென்று நீராவி, இன்ஸ்டன்ட் காபித்தூள், பால், சர்க்கரை, மேலே தூவிய சாக்லேட் பவுடர். இத்தாலிய இயந்திரத்தின் அழுத்தம் அதில் இல்லை. இத்தாலிய நீராவிக் குழாயும் பெயரும் மட்டும் இங்கே பிழைத்தன. சிறுவயதில் அந்தப் பவுடர் கலையாமல் ஓரமாக உறிஞ்சிய சுகத்தை நான் மறக்கவில்லை.

எம்.சி. ரோட்டு மாஸ்டரிடம் அந்தச் சொட்டு எதற்கு என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்: “அது இல்லாம குடுத்தா, லைட்டா கீதுன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க சார்.”